மேலுமலை ஏற்றத்தில் மின்னிய மஞ்சள் விளக்கு

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, கிருஷ்ணகிரிக்கு முன்னால் நெடுஞ்சாலையை ஒட்டி இரண்டாவதாக ஓர் ஆலையைத் தொடங்கியபோது, குவாலிட்டி பிரிவிலிருந்து என்னையும் இன்னொரு பெண்ணையும் அங்கே மாற்றினார்கள். வார்ப்பிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளப்பது எங்கள் வேலை. வரைபடத்தில் சொன்ன அளவுக்குள் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவோம். கம்பெனி பஸ் ஷிப்டு நேரத்துக்குத்தான் ஓடியது. எங்களுக்கோ காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. சில மாதங்கள் அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே போய்வந்தோம். பிறகு நான் ஒரு கார் வாங்கினேன்.

எட்டு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே முப்பத்தெட்டு வயதில்தான். என் கணவர் சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அவருக்கு பைக் போதும். காரில் ஏறினால் இடதுபக்கம் உட்கார்ந்து, முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் தன் காலைத் தரையில் அழுத்துவார். இரண்டு பேரும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பதினோரு வருடம் ஆகியும் எனக்குக் கன்னடம் காது வரைக்கும்தான் வந்திருக்கிறது. மெதுவாகப் பேசினால் பாதி புரியும். திருப்பிப் பேச வராது.

என்னோடு மாற்றலாகி வந்தவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். நாகரசம்பட்டியில் பிறந்து, கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போவேன், மாலையில் அவள் வீட்டுச் சந்தில் இறக்கிவிடுவேன்.

மே மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. அன்று அவளுடைய அப்பா ஆலை வாசலுக்கே வந்து இரண்டு பை மாம்பழம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பைகளைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வருவது மேட்டை நோக்கி வருவதுதான். அதிலும் மேலுமலைப் பக்கம் சாலை நன்றாக ஏறும். பாதி ஏற்றத்தில் கார் திடீரென்று உதறத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தும் வேகம் வரவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் போவதுபோல ஸ்டீயரிங் கைக்குள் ஆடியது. ரோடு வழுவழுவென்றுதான் இருந்தது.

"அக்கா, மஞ்ச லைட்டு ஒண்ணு மின்னுது பாருங்க" என்றாள்.

என்ஜின் படம் போட்ட விளக்கு அது. சாவியைத் திருப்பும்போது எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைந்துவிடும். காரோடு வந்த புத்தகத்தை நான் முதல் வாரத்திலேயே படித்திருந்தேன். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் பட்டறையில் காட்ட வேண்டும், விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தைச் சூடேற்றிக் கெடுத்துவிடுமாம். இண்டிகேட்டரைப் போட்டு ஓரமாக நிறுத்தினேன். எங்களை உரசுவதுபோலப் புது மோட்டார் சைக்கிள்களை அடுக்கிய லாரிகள் ஏறிப் போயின.

பத்து நிமிடம் காத்திருந்தோம். அவள் ஒரு பழத்தை எடுத்துக் காம்புப்பக்கம் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்சத் தொடங்கினாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். மறுபடி ஸ்டார்ட் செய்தபோது உதறல் இல்லை. விளக்கு மின்னாமல் நிலையாக எரிந்தது. சூளகிரி வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் வந்து, அங்கிருந்து கொஞ்சம் தைரியம் வந்து ஓசூர் சேர்ந்தேன்.

வீட்டில் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, பெட்ரோல் எங்கே போட்டாய் என்பது. அவரைப் பொறுத்தவரை பைக்கோ காரோ எது நின்றாலும் பெட்ரோல்தான் காரணம். கிருஷ்ணகிரியில் என்றேன். தண்ணீர் கலந்திருக்கும் என்று முடித்துவிட்டார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தளி ரோட்டில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, இரண்டு கார் நிற்கும் இடம், பக்கத்திலேயே ஒரு டீக்கடை. மெக்கானிக்குத் தளிதான் சொந்த ஊர். வீட்டில் பேசுவது கன்னடம். எங்களிடம் தமிழில் பேசுவார். வேலையில் மூழ்கிவிட்டால் அவரை அறியாமல் கன்னடத்துக்குப் போய்விடுவார். அதற்கு முன் இரண்டு முறை ஆயில் மாற்ற அவரிடம் போயிருக்கிறேன்.

துண்டில் சுற்றி வைத்திருந்த ஸ்கேனரை எடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்தார். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று வந்தது. நான்கு சிலிண்டரில் மூன்று ஒழுங்காக எரிகின்றன, ஒன்று அவ்வப்போது எரியாமல் போகிறது, அதனால்தான் உதறல் என்று விளக்கினார். ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் விரல் நீளத்துக்கு ஒரு காயில் நிற்கிறது. அதுதான் கீழே இருக்கும் பிளக்குக்குப் பொறியைக் கொடுக்கிறது.

"காயிலா இருக்கலாம், பிளக்கா இருக்கலாம், ஒயரா இருக்கலாம் மேடம். மூணாவது காயிலைக் கழட்டி ரெண்டாவதுல போடறேன், ரெண்டாவதை இங்க போடறேன். ஒரு நாலு நாள் ஓட்டுங்க. மறுபடி மின்னுச்சுனா எந்த நம்பர் காட்டுதுன்னு பாக்கலாம். ரெண்டுக்குப் போச்சுனா காயில். மூணுலயே நின்னுச்சுனா வேற."

என் வேலையில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். காரணம் தெரியாமல் பாகத்தை மாற்றாதே, மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஆனால் அந்த வாரம் வெளியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள். நாலு நாள் ஓட்டி, மறுபடி நடுரோட்டில் நின்று, மறுபடி லீவு கேட்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆடிட் இருக்கிறது, புதுக் காயிலே போட்டுவிடுங்கள் என்றேன். அதுதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதே என்றார். பரவாயில்லை என்றேன். அவர் கடைக்குப் போய் வாங்கி வந்து, பில்லோடு காட்டிவிட்டு மாட்டினார். நான் டீக்கடைப் பக்கம் நின்று, எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் அவர் வந்து எதையோ சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஆடிட்டும் நல்லபடியாக முடிந்தது. பதின்மூன்றாம் நாள் மாலை, தூறல் விழுந்துகொண்டிருந்தது. அதே ஏற்றம். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி நெருங்கி வந்துகொண்டிருந்தபோது கார் உதறியது, விளக்கு மின்னியது, வேகம் அப்படியே விழுந்தது. லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தபடி வலதுபக்கம் ஒடித்துப் போனார். அவருடைய டயர் வாரியடித்த தண்ணீரில் கண்ணாடி மறைந்து, இரண்டு மூன்று வினாடி எனக்கு ரோடே தெரியவில்லை. ஓரத்தில் நிறுத்திய பிறகு பார்த்தால், பக்கத்தில் இருந்தவள் இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் இறங்கும்போது, "தப்பா நெனைக்காதீங்கக்கா. நாளையிலேர்ந்து நான் பஸ்ஸுல வந்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்தது. வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அவர் மாட்டிய புதுக் காயிலை டார்ச் அடித்துப் பார்த்தேன். கழற்றிய பழையதை அவர் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். இரண்டையும் ஒப்பிட்டேன். கம்பெனிப் பெயரும் எண்ணும் ஒன்றுதான். ஆனால் புதியதில் எழுத்து மெலிதாக இருந்தது, ஏழு என்ற எண்ணின் வளைவு வேறு மாதிரி இருந்தது. டூப்ளிகேட் என்று முடிவு கட்டினேன். அச்சு மாறினாலே எழுத்து மாறும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. வரவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு டாக்சிக்காரர் தன் வண்டிக்காகக் காத்திருந்தார். டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் காரைவிட்டு இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரிஜினல்னு சொல்லி டூப்ளிகேட்ட மாட்டி விட்டிருக்கீங்க. பொம்பளதானே, என்ன தெரியப் போகுதுன்னு நெனச்சீங்களா?"

டீக்கடையில் பேச்சு நின்றது. பில் கொடுத்தேனே மேடம் என்றார். பில்லை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றேன். பானெட்டைத் திறங்கள், பார்க்கிறேன் என்றார். நீங்கள் பார்த்தது போதும், உங்கள் காயிலைக் கழற்றிக்கொண்டு என் பழைய காயிலை மாட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் ஸ்பானரை எடுத்து வந்தார். கழற்றும்போது ஓரிடத்தில் கை நின்றது. "மேடம், இந்தக் கப்ளர் நோடி..." என்று கன்னடத்தில் பார்க்கச் சொல்லி ஏதோ காட்ட வந்தார். ஒன்றும் சொல்ல வேண்டாம், மாட்டுங்கள் என்றேன். மாட்டினார். புதுக் காயிலைப் பனியன் துணியால் துடைத்து டப்பாவில் வைத்தார். உள்ளே போய், அதற்குக் கொடுத்த பணத்தைக் கொண்டுவந்து என் கணவர் கையில் கொடுத்தார்.

"வேற எடத்துல காட்டிக்கங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் என் கணவர், அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம் என்றார். ஏமாற்றியவரை ரகசியமாகவா கேட்பார்கள் என்று நான் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கும் போனோம். ஏசி அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். நான்கு காயில், நான்கு பிளக், இன்ஜெக்டர் சுத்தம், சென்சார் என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல் அடித்துக் கொடுத்தார்கள். அதிலும் போகாவிட்டால் அடுத்ததாக என்ன மாற்றலாம் என்பதும் கடைசி வரியில் இருந்தது. அடுத்த வாரம்தான் இடம் இருக்கிறதாம். தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை என் கணவர் முழுக்கப் படித்தார். பிறகு, "உங்க ஆபீஸ்ல ஒருத்தன் இந்த மாதிரி லிஸ்ட் கொண்டாந்து நீட்டுனா நீ கையெழுத்துப் போடுவியா?" என்று கேட்டார்.

போடமாட்டேன். எது கெட்டது என்று காட்டு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கைபேசியோடு சேர்கிற ஒரு சின்ன ஸ்கேனரை ஆன்லைனில் வாங்கினேன். அது வரும்வரை பேருந்தில் போனேன். என்னோடு வேலை பார்ப்பவளும் அதே பேருந்தில்தான். கார் என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. எனக்கு உட்கார இடம் பிடித்து வைப்பாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். மூன்றாவது காயிலைக் கழற்றி முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு போல்ட்தான். ஒயர் முனைகளில் முதலாவதை இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் எடுக்க முடிந்தது, மூன்றாவது லேசாக வந்துவிட்டதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை. மூடியைக் கழற்றும்போது காயில்களுக்கு இடையில் இருந்த பள்ளத்தில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன். ஒரு தாளில் கோடு போட்டு, நேரம், இடம், கியர், விளக்கு, எண் என்று தலைப்பு எழுதிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கைபேசித் திரையைப் பார்த்தபடி வந்தார். குருபரப்பள்ளி வரை இறங்கிப் போய்த் திரும்பி ஏறினோம். மேலுமலையில் விளக்கு மின்னியது.

"மூணு" என்றார்.

காயிலில் ஒன்றும் இல்லை. பழையதும் நல்லதுதான், மெக்கானிக் வாங்கிப் போட்ட புதியதும் நல்லதுதான். சூளகிரி வரை ஓட்டி வந்தேன். பிறகு, அடுத்து பிளக் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் என்ஜின் ஆறும்வரை காத்திருந்தோம். அவர் தன் நண்பர் வீட்டுக்குப் போய்ப் பிளக் ஸ்பானர் வாங்கிவந்தார். மூன்றாவது பிளக்கை நான்காவதோடு மாற்றினேன். மறுபடி அதே பாதை, அதே ஏற்றம். அவர் திரையைப் பார்த்துவிட்டு மூன்று என்று தாளில் எழுதினார்.

காயில், பிளக், ஒயர். மெக்கானிக் அன்றைக்குச் சொன்ன வரிசையில்தான் நான் போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கட்டும், நான் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன், நீங்கள் டிரைவர் சீட்டில் உட்காருங்கள் என்றேன். அவர் தயங்கினார். கியர் போடவில்லை, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, வண்டி நகராது என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் ஏறினார். ஏறியும், "பிரேக் நடுவுல இருக்கதுதானே?" என்று கேட்டுவிட்டு அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டார்.

கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, தோசைக் கரண்டியின் மரப்பிடியால் முதல் ஒயரை அசைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை லேசாகத் தொட்டதும் என்ஜின் விக்கியது. கையை எடுத்தேன், சரியானது. மறுபடி தொட்டேன், மறுபடி விக்கல். உள்ளே இருந்து அவர், "இங்க லைட்டு மின்னுது" என்று குரல் கொடுத்தார்.

என்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒயர் முனையில் இருக்கும் கப்ளர், காயிலின் வாய்க்குள் போய் உட்கார்ந்ததும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு அதைப் பூட்டிக்கொள்ளும். மற்ற மூன்றிலும் நாக்கு இருந்தது. மூன்றாவதில் அது முறிந்துபோயிருந்தது. இரண்டு விரலால் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. சமதளத்தில் அது எப்படியோ நின்றுகொண்டிருக்கும். ஏற்றத்தில் என்ஜின் திமிறும்போது நழுவும்.

அதை யார் முறித்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தபோது, என்ஜின் மேலே எலி கூடு கட்டியிருந்தது. பஞ்சும் காகிதமும் காய்ந்த இலையுமாக அள்ளிக் கொட்டினேன். ஒயர் எதையாவது கடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு கப்ளரை இழுத்தேன். வரவில்லை. நாக்கை அழுத்தி இழுக்க வேண்டும் என்று தெரியாமல் பலமாக இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. கடி எதுவும் இல்லை என்று திருப்பிச் செருகிவிட்டு மூடியைப் போட்டுவிட்டேன். மற்ற மூன்றையும் தொடவில்லை.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எலியையும் சொன்னேன். அவர் கப்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைக் கம்பியால் கட்டிவிட்டால்கூட ஓடும்போல என்றார். ஓடும்தான். அப்படிக் கட்டிக்கொண்டு, தளி ரோட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம் என்று எனக்கும் ஒரு நினைப்பு வந்தது. அதை நான் மறைக்கவில்லை, அவரிடமே சொன்னேன்.

"போயிட்டு வந்துரு. நான் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு. கப்ளரை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொண்டு ஓட்டிப்போனேன். மெக்கானிக் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். என் காரின் சத்தம் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் உடனே வெளியே வரவில்லை. டீக்கடையில் அன்றைக்கு இருந்த கடைக்காரர் இருந்தார், வேறு இரண்டு பேர் இருந்தார்கள். மெக்கானிக் எழுந்து கையைத் துடைக்கும்வரை நின்றேன். பிறகு, கடைக்காரர் காதிலும் விழும்படி சொன்னேன்.

"அண்ணா, காயில்ல ஒண்ணும் இல்ல. கப்ளர் லாக்கு ஒடஞ்சிருக்கு. ஒடச்சது நான்தான். அன்னைக்கு இத்தனை பேர் முன்னாடி உங்கள அப்படிப் பேசுனது தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"லாக்கு ஒடஞ்சது எனக்குத் தெரியும் மேடம்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொன்னார்: முதல் நாள் காயில் மாட்டும்போதே பார்த்துவிட்டாராம். ஒயர் கட்டுகிற கறுப்பு டேக்கால் காயிலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, டீக்கடைக்கு வந்து என்னிடம் சொன்னாராம். லாக் போய்விட்டது, இப்போதைக்கு டேக் போட்டிருக்கிறேன், சூட்டில் ரொம்ப நாள் நிற்காது, ஆடிட் முடிந்ததும் கொண்டுவாருங்கள், கப்ளரையே மாற்றிவிடலாம் என்று. நான் சரி சரி என்று தலையாட்டினேனாம். கன்னடத்திலா சொன்னீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். இருக்கலாம், வேலை கையில் இருந்தால் தனக்கு எது வாயில் வருகிறது என்று தெரியாது என்றார். பள்ளத்தில் கிடந்து நான் குப்பையில் போட்டது, அறுந்துபோன அந்த டேக்கின் துண்டு.

"சனிக்கிழமை கழட்டும்போது பாத்தேன், டேக் அந்துபோயிருந்துச்சு. அதைத்தான் காட்ட வந்தேன். நீங்க கேக்கற மாதிரி இல்ல. எனக்கும் கோவம். இன்னொரு டேக் போட ஒரு நிமிஷம் ஆகாது. போடாம அனுப்பிட்டேன். ரோட்டுல எங்கயாவது ஏதாவது ஆயிருந்தா..." என்று நிறுத்தினார். "அது என் தப்பு. வீட்ல சொன்னேன். பொண்டாட்டி திட்டினா."

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அவர் தப்பு என்று நான் சொல்லவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த கப்ளர்களை ஒரு பெயிண்ட் வாளியிலிருந்து தரையில் கொட்டி, எங்கள் காருக்குப் பொருந்துவதைத் தேடி எடுத்தார். உடைந்த கப்ளரை வெட்டினார். எந்த ஒயர் எதில் சேர வேண்டும் என்று அழியாத பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஒயராகச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்து, மேலே சுருங்கும் குழாயைப் போட்டு லைட்டரால் சூடு காட்டினார். நான் டார்ச் பிடித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசியில் கப்ளரைச் செருகி, இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். அசையவில்லை. கழற்ற வேண்டுமானால் நாக்கை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டி, நான் ஒரு தரம் கழற்றி மாட்டும்வரை விடவில்லை.

பிறகு நீங்களே ஓட்டுங்கள் என்று இடதுபக்கம் ஏறிக்கொண்டார். தளி ரோட்டில் ஒரு மேடு வந்ததும், கியர் குறைக்காமல் மிதிக்கச் சொன்னார். என்ஜின் முனகியது, உதறவில்லை. திரும்பி வந்து அதே மேட்டில் மூன்று முறை ஏறினோம். ஸ்கேனரில் நான்கு சிலிண்டருக்கும் பூஜ்யம். பழைய பதிவை அழித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது. புகைக்குழாயில் இருக்கும் பாகம் கெட்டிருக்குமோ என்று கேட்டேன். அதற்குள் கெட்டிருக்காது, பிக்கப் குறைந்தால் கொண்டுவாருங்கள் என்றார்.

அந்தப் புதுக் காயிலை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அது அன்றைக்கே அந்த டாக்சிக்காரர் வண்டிக்குப் போய்விட்டதாம். நன்றாக ஓடுகிறது என்றார். வேலைக்கு எவ்வளவோ அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இப்போதும் அந்தப் பட்டறைக்குத்தான் போகிறேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், என் போனைக் காட்டி, உள்ளே வைக்கும்படி சைகை செய்வார். வைத்த பிறகு நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வார். சொல்லிவிட்டு, என்ன சொன்னேன் என்று கேட்பார். நான் திருப்பிச் சொல்வேன். என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை.

கார் சரியாகிவிட்டது என்று என்னோடு வேலை பார்ப்பவளிடம் சொன்னேன். சந்தோஷம் என்றாள். ஆனால் பஸ்ஸில் ஒரு மணி நேரம் தூங்க முடிகிறது, வீட்டில் அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை, அதனால் பஸ்ஸிலேயே வருகிறேன் என்றாள். பயம் இன்னும் போகவில்லையோ என்று சில நாள் நினைத்தேன். பிறகு ஒருநாள் பஸ்ஸை முந்திப் போகும்போது பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் தனியாகத்தான் ஓட்டினேன். இப்போது டிஸ்பாட்ச் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி என்னோடு வருகிறாள். சாமல்பட்டிக்காரி. ஏறியதும் பேச ஆரம்பிப்பாள், ஆலை வாசலில்தான் நிறுத்துவாள்.